மருந்து பட்ச் ஒட்டுற பிள்ளை வன்னி வெய்யிலுக்க வந்தா: என்ன பிழைச்சா எதைப் பாக்கிறது

ஆடி ஆவணியில அமெரிக்காவில இருந்து லீவுக்கு வாற பிள்ளையளில சிலருக்கு ஏடிஎச்டிக்கு (கவனம் நிக்காத, துடியாட்டம் கூடின குறைபாடு) குளிசைக்குப் பதிலா தோலில ஒட்டுற பட்ச் குடுத்திருப்பினம். அங்க ஏசி வீடு, ஏசி கார், ஏசி பள்ளிக்கூடம் எண்டு ஒழுங்கா வேலை செய்த சாமான் இஞ்ச கிளிநொச்சி வந்து இறங்கினவுடன குழப்படி காட்டத் தொடங்கிடும். ஒண்டில் விழுந்துபோகும், இல்லாட்டி வேலை செய்யாது, இல்லாட்டி அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். நான் பார்மசியில நிக்கிறனான், அக்கான்ர மகனும் இதே பட்ச்தான் ஒட்டுறவன், அதால வருசா வருசம் இந்தக் காலத்தில இதே கேள்வியளுக்குத்தான் மறுமொழி சொல்லிக்கொண்டு இருக்கிறன். நான் டொக்டர் இல்லை. டோஸ் கூட்டுறது குறைக்கிறது பற்றி இதில ஒண்டும் இல்லை, அது எழுதித் தந்த டொக்டரின்ர வேலை.

தொடங்க முதல் உங்கட பெட்டியில என்ன பேர் போட்டிருக்கு எண்டு பாருங்கோ. மெத்தில்ஃபெனிடேட் பட்ச் (டேட்ரானா எண்டு 2006இல அமெரிக்காவில வந்தது, 6 தொடக்கம் 17 வயசுப் பிள்ளையளுக்கு) இடுப்பின்ர பக்கவாட்டில மட்டும்தான் ஒட்டுறது. டெக்ஸ்ட்ரோஅம்ஃபெட்டமின் பட்ச் (செல்ஸ்ட்ரிம், 2022) எண்டா மேல்கை, நெஞ்சு, மேல்முதுகு எண்டு வேற இடங்களும் இருக்கு. கீழ நான் எழுதுறது முதலாவதை வைச்சு. ரெண்டாவது எண்டா உள்ளுக்க இருக்கிற துண்டுத்தாளையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

ரெண்டுக்கும் கணக்கு ஒண்டுதான்: வேலை செய்யவேண்டிய நேரத்துக்கு 2 மணித்தியாலம் முன்னம் ஒட்டுறது, 9 மணித்தியாலத்தில கழட்டுறது, ஒரு நாளைக்கு ஒண்டு, அடுத்த நாள் மற்றப் பக்கம்.

வாசிச்சுக்கொண்டு நிக்காம ஓடவேண்டிய நேரம்

நெஞ்சு நோ, மயங்கி விழுறது, மூச்செடுக்கக் கஷ்டம், வலிப்பு, இல்லாததைக் கண்ட மாதிரி கேட்ட மாதிரிக் கதைக்கிறது, உடம்பு கொதிச்சு ஆள் தடுமாறுறது, முகம் உதடு நாக்கு வீங்குறது, இதுகளில ஒண்டு எண்டாலும் பட்ச்சை உடன உரியுங்கோ, ஒட்டின இடத்தைக் கழுவுங்கோ, 1990க்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் வர முதல் ஓட்டோ கிடைச்சா அதில ஏத்துங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பெரியாஸ்பத்திரியள், மாங்குளம் ஆதார வைத்தியசாலை, எது கிட்டவோ அதுக்கு. பட்ச் வந்த பையைக் கையோட கொண்டு போங்கோ, ஏனெண்டா ஓபிடியில நிக்கிற டொக்டர் இந்தச் சாமானை முன்னம் கண்டிருக்கவே மாட்டார்.

உரிச்சாச்சுத்தானே எண்டு வீட்டில இருந்து பாக்காதேங்கோ. தோலுக்க ஏற்கனவே போன மருந்து உரிச்சதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ரத்தத்துக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

பெடியளுக்கு இன்னொண்டு. ஆணுறுப்பு நோவோட கனநேரம் விறைச்சபடி நிண்டா அதுவும் அவசரம்தான். வெக்கத்தில பெடியள் சொல்ல மாட்டாங்கள், தகப்பனோ மாமாவோ முதலே காதில போட்டு வைக்கோணும்.

பட்ச் ஒட்டுதில்லை, ஓரம் கிளம்புது, விழுந்து போகுது

இதுதான் கூட வாறது, பத்தில எட்டுப்பேருக்குக் காசு செலவில்லாமலே சரி வரும்.

*வேர்வை.* குளிச்ச கையோட ஒட்டினா இஞ்சத்த சூட்டில துடைச்சு முடிய முதலே திருப்பி வேர்க்கும். முதல் நாள் பின்னேரமே சோப்போட கழுவி வைச்சிட்டு, விடிய எழும்பினவுடன, ஓடியாட முதல், காஞ்ச துணியால துடைச்சு, ஃபானுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிசம் நிக்கவிட்டு ஒட்டுங்கோ. ஒட்டினாப் பிறகு உள்ளங்கையால ஒரு 30 செக்கன் அமத்திப் பிடிக்கோணும், சும்மா தடவிவிட்டாக் காணாது. அந்த அரை நிமிசத்தை விடுறதாலதான் பாதிப்பேருக்கு விழுது எண்டது என்ர எண்ணம்.

*எண்ணெய், பவுடர், கிறீம்.* பேரன் வந்திட்டான் எண்டு அம்மம்மா சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு வாத்தா ஞாயிற்றுக்கிழமை பட்ச் நிக்காது. முழுக்கை நிப்பாட்டச் சொல்லேல்லை, அதை நிப்பாட்ட எங்களால ஏலவும் ஏலாது, இடுப்புப் பக்கம் மட்டும் எண்ணெய் போகாமப் பாருங்கோ, போனா சோப்புப் போட்டு வடிவாக் கழுவுங்கோ. வேர்க்குருவுக்குப் போடுற பவுடரும் அப்பிடித்தான்.

*இடம்.* காற்சட்டையின்ர லாஸ்டிக் உரசுற இடத்தில ஒட்டினா உரசி உரசிக் கிளம்பும். லாஸ்டிக்குக்குக் கீழ, பக்கவாட்டில, குந்தேக்க மடியாத இடமாப் பாருங்கோ. புண், சொறி, நுளம்புக்கடி இருக்கிற தோலில வேண்டாம்.

*தண்ணி.* குளத்தில கிடந்தாலோ முல்லைத்தீவுக் கடலில குளிச்சாலோ பசை விடும். பட்ச்சைக் கழட்டினாப் பிறகு பின்னேரம் கூட்டிக்கொண்டு போங்கோ. (இரணைமடு எண்டா பின்னேரம் கரையோட நிண்டு வாக்கிறதுதான் நல்லது, முதலைக்குப் பட்ச் வித்தியாசம் தெரியாது.) கிணத்தடிக் குளிப்பு எண்டா ஒட்ட முதல் இல்லாட்டிக் கழட்டினாப் பிறகு.

விழுந்ததை என்ன செய்யிறது? திருப்பி ஒட்டக்கூடாது. பிளாஸ்டர், செலோடேப், பசை, பண்டேஜ் ஒண்டும் மேலால போடக்கூடாது. விழுந்ததை மடிச்சு வைச்சிட்டு வேற இடத்தில புதுசு ஒண்டு ஒட்டலாம், ஆனா கழட்டுற நேரம் மாறாது. காலம 7 மணிக்கு ஒட்டினது 11க்கு விழுந்து புதுசு ஒட்டினாலும் பின்னேரம் 4 மணிக்கு அது கழர வேணும். 2 மணிக்கு மேல விழுந்தா நான் எண்டா புதுசு ஒட்டமாட்டன், அது வேலை செய்யத் தொடங்கவே கழட்டுற நேரம் வந்திடும்.

இவ்வளவும் பாத்தும் நாளுக்கு நாள் விழுந்தா, ஒவ்வொண்டா மாத்தி ஒட்டி பெட்டியை முடிக்காம அமெரிக்க டொக்டருக்கு வட்ஸப்பில போடுங்கோ. இஞ்ச பின்னேரம் ஆறரை எண்டா கோடையில நியூ ஜெர்சியில காலம 9 மணி, கிளினிக் திறக்கிற நேரம் ஆளைப் பிடிக்கலாம்.

பின்பக்கத் தாள் உரியுதில்லை, பசை தாளோட வருது

அனேகமாச் சூட்டில வைச்சதால பசை இளகி வாறது. தகரக்கூரைக்குக் கீழ வைச்ச பெட்டியா எண்டு முதல் பாருங்கோ. பையைக் கத்திரிக்கோலால வெட்டேக்க உள்ளுக்க இருக்கிற பட்ச்சும் வெட்டுப்பட்டிட்டா அதைப் பாவிக்கேலாது. அரைவாசியா வெட்டி ஒட்டினாக் கனநாளைக்குக் காணும் எண்டு ஆரும் ஐடியா தந்தா அதுவும் கூடாது.

உரிக்கிற முறை: முதல் ஒரு பாதித் தாளை உரிச்சு அந்தப் பாதியை ஒட்டிப்போட்டு, பிறகு மற்றப் பாதி. பசையில விரல் படக்கூடாது, பட்டா உடன கழுவுங்கோ. தாளோட பசை பிஞ்சு வந்திட்டா, பட்ச் கிழிஞ்சா, மடிச்சு எறிஞ்சிட்டு அடுத்ததை எடுங்கோ. ரெண்டாவது பாதித் தாளை உரிக்காமலே ஒட்டிவிட்டிட்டு மருந்து வேலை செய்யேல்லை எண்டு வந்த ஆக்களும் இருக்கினம், சிரிக்காதேங்கோ, விடியக்காலம கரண்ட் இல்லாத நேரம் ஆருக்கும் வரும்.

ஒட்டியிருக்கு, ஆனா வேலை செய்யிற மாதிரித் தெரியேல்லை

*நேரத்தைப் பாருங்கோ.* ஒட்டி 2 மணித்தியாலம் போகாமக் குற்றம் சொல்லேலாது. லீவு எண்டு 9 மணிக்கு எழும்பி ஒட்டினா 11 மணி மட்டும் துடியாட்டம் இருக்கத்தான் செய்யும்.

*வந்து இறங்கின முதல் கிழமையோ?* நியூ ஜெர்சிக்கும் எங்களுக்கும் கோடையில ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். பிள்ளை ரா ரெண்டு மணிக்கு முழிச்சிருந்து பகல் தூங்கி வழிஞ்சா எந்த மருந்து ஒட்டினாலும் கவனம் நிக்காது. மருந்தைக் குறை சொல்ல முதல் நித்திரை சரி வரட்டும். பயண நாளில எப்ப ஒட்டுறது, ஒட்டாம விடுறதோ எண்டதை வெளிக்கிட முதலே டொக்டரிட்ட எழுதி வாங்குங்கோ. பிளைட்டில நேரம் குழம்பி ரெண்டு ஒட்டுறது அங்கதான் நடக்கிறது.

*முழுசா ஒட்டியிருக்கோ?* ஓரம் கிளம்பியிருந்தா உள்ளுக்குப் போற மருந்து குறையும். மேல சொன்னதைப் பாருங்கோ.

*பழசோ?* முடிவுத் திகதியைப் பாருங்கோ. உள்தட்டைத் திறந்து 2 மாசத்துக்குள்ள பாவிக்கோணும், போன வருசம் வந்து விட்டிட்டுப் போன மிச்சத்தை இந்த வருசம் ஒட்டக்கூடாது.

*எங்க வைச்சீங்கள்?* 25 பாகை செல்சியஸ் எண்டு பெட்டியில இருக்கும், இடைக்கிட 15 தொடக்கம் 30 மட்டும் பரவாயில்லை. எங்கட பக்கம் சோளகம் அடிக்கிற மாசத்தில மத்தியானம் வெளியில 35க்கு நிக்கும், தகரக் கூரைக்குக் கீழ அதுக்கும் மேல. அதுக்காகப் பிரிஜ்ஜுக்க வைக்கக்கூடாது, குளிரும் ஆகாது, பிரிஜ் ஈரமும் ஆகாது. ஓட்டு வீட்டில உள்ளறை, அலுமாரியின்ர கீழ்த்தட்டு, சுவர் வெய்யில் படாத பக்கம். நிலத்துக்குக் கிட்ட எவ்வளவு குளிர்மை எண்டு ஒரு சின்ன வெப்பமானி வாங்கி வைச்சுப் பாத்தாத் தெரியும், பார்மசியில பெரிய விலை இல்லை. வான் டாஷ்போட், மோட்டசைக்கிள் பெட்டி, பஸ்ஸில மேல் றாக், இந்த மூண்டிலயும் ஒரு மணித்தியாலமும் வேண்டாம்.

இதெல்லாம் சரியா இருந்தும் ஒரு கிழமையா ஒண்டும் தெரியேல்லை எண்டாத்தான் டோஸ் கதை வரும். பட்ச் 10, 15, 20, 30 மில்லிகிராம் எண்டு நாலு அளவில இருக்கு, எதுக்கு மாறுறது எண்டதை டொக்டர் சொல்லவேணும். ஒண்டு காணாது எண்டு ரெண்டு ஒட்டினா அது திருத்தம் இல்லை, அது நஞ்சு.

திடீரெண்டு நெஞ்சு படபடக்குது, பதகளிப்பு, கை நடுக்கம், எரிஞ்சு விழுறான்

இந்தப் பகுதியை ஆறுதலா வாசியுங்கோ. வன்னிக்கு வாற பிள்ளையளுக்கு இது அனேகமா டோஸ் கூடினதால இல்லை, சூடு.

பட்ச் மேல வெளிச்சூடு பட்டா மருந்து உள்ளுக்குப் போற வேகமும் கூடும் அளவும் கூடும், ரெண்டு மடங்குக்கு மேலயும் போகலாம். அமெரிக்காத் துண்டுத்தாளில ஹீட்டிங் பாட், சூடாக்கிற போர்வை எண்டெல்லாம் எழுதியிருக்கும், அதை வாசிச்சிட்டு எங்களிட்ட அது ஒண்டும் இல்லைத்தானே எண்டு விட்டிடுவினம். எங்களிட்ட இருக்கிறது இது:

வெய்யிலுக்க விட்ட மோட்டசைக்கிளின்ர கறுத்த சீற். பட்ச் இருக்கிற பக்கம் நேரா அதிலதான் படும். ஏற முதல் ஒரு ஈரத்துணியால சீற்றைத் துடைச்சு ஆறவிடுங்கோ.

லாண்ட்மாஸ்டர் பெட்டித் தகரம், உழவு மிசின் மட்காட். மத்தியானம் வயலுக்குப் போற சவாரி பிள்ளையளுக்கு விருப்பம்தான், காலம எட்டுக்கு முதல் போகட்டும்.

மத்தியான வெய்யிலில கிடந்த சீமெந்துக் கட்டு, குளத்துக் கட்டுக் கல்.

ஒத்தடம். இதுதான் எனக்குக் கூடப் பயம். பெடியன் சைக்கிளால விழுந்து இடுப்பில அடிபட்டா அம்மம்மா நொச்சி இலை வதக்கிச் சூடா ஒத்தணம் பிடிப்பா, சுடுதண்ணிப் போத்தில் வைப்பா. பட்ச் இருக்கிற இடத்திலயோ அதுக்குக் கிட்டவோ அது கூடவே கூடாது. பட்ச் எங்க இருக்கு, ஏன் இருக்கு எண்டு அம்மம்மாவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கோ. "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" எண்ட கேள்வி வருமெண்டு மறைச்சு வைக்கிற தாய்மார் இருக்கினம், எனக்கு அது விளங்குது, ஆனா வீட்டில பகல் முழுக்கப் பிள்ளையோட நிக்கிற ஆளுக்கு இது தெரியாம இருக்கேலாது.

பாக்கிற ஒழுங்கு: முதல் பிள்ளையை நிழலுக்குக் கொண்டுவந்து இருத்துங்கோ, தண்ணி குடுங்கோ. உடுப்பை விலத்தி எத்தினை பட்ச் இருக்கு எண்டு எண்ணுங்கோ. நேத்தையான் கழட்டாமலே மற்றப் பக்கம் கிடக்கும், அதைக் கனபேர் பாக்கிறேல்லை. எத்தினை மணிக்கு ஒட்டினது எண்டு பாருங்கோ. பெட்டியோட ஒரு குறிப்பு அட்டை வரும், ஒட்டின நேரம் கழட்டின நேரம் எழுதுறதுக்கு, அதை அலுமாரிக் கதவில ஒட்டி வைச்சா இந்தக் குழப்பமே வராது, தாய் ஒட்டினதோ சித்தி ஒட்டினதோ எண்ட சண்டையும் வராது.

படபடப்பு மட்டும் எண்டாலும் பட்ச்சைக் கழட்டுங்கோ. அண்டைக்குத் திருப்பி ஒட்டவேண்டாம். டொக்டருக்குச் சொல்லுங்கோ. மேல போட்ட அவசரக் குறி ஒண்டாவது சேந்து வந்தா 1990. பிள்ளைக்கு முதலே இருதய வருத்தம் இருக்கு, இல்லாட்டிக் குடும்பத்தில சின்ன வயசில திடீரெண்டு இறந்த ஆக்கள் இருக்கினம் எண்டா வெறும் படபடப்புக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

காய்ச்சல், தடிமன் எண்டு இஞ்ச ஆரிட்டயும் மருந்து எடுக்கப் போனா பட்ச் ஒட்டுற பிள்ளை எண்டு முதல் வசனமாச் சொல்லுங்கோ. மூக்கடைப்புக்குக் குடுக்கிற சில மருந்துகளும் பிரசரையும் நெஞ்சடிப்பையும் கூட்டும், ரெண்டும் சேர்றது நல்லதில்லை. எங்கட கவுண்டரில கூட அப்பிடித்தான், கேட்டாத்தான் நாங்கள் பாத்துத் தரலாம்.

விரல் நுனி வெளிறி நீலமாகிக் குளிர்ந்து நோகுது எண்டா அதையும் டொக்டருக்குச் சொல்லுங்கோ, இது உடன ஓடவேண்டியதில்லை ஆனா விடவும் கூடாது.

தோல் சிவக்குது, கடிக்குது

கழட்டின இடம் கொஞ்சம் சிவந்து கடிக்கிறது வழமை, ஒரு நாளில அடங்கும். அதுக்குத்தான் பக்கம் மாத்தி மாத்தி ஒட்டுறது. கடிக்குது எண்டு வேப்பிலை அரைச்சுப் பூசுறது, மஞ்சள் பூசுறது, வீட்டில கிடக்கிற ஏதோ ஒரு கிறீம் பூசுறது வேண்டாம், அடுத்த நாள் அதுக்கு மேல பட்ச்சும் நிக்காது, எதால கடிக்குது எண்டும் தெரியாது.

*48 மணித்தியாலத்திலயும் அடங்கேல்லை, வீங்குது, சின்னச் சின்ன மணி மாதிரி எழும்புது, பொக்களம் போடுது, பட்ச் இருந்த இடத்தைத் தாண்டிப் பரவுது* எண்டா ஒவ்வாமை எண்டு நினைக்கோணும். ஒட்டுறதை நிப்பாட்டி டொக்டருக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ. இஞ்ச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கும் காட்டலாம். இதில ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது: பட்ச்சுக்கு இப்பிடி ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு அதே மருந்தைக் குளிசையாக் குடுத்தாலும் உடம்பு முழுக்க வரலாம். அதால பட்ச் சரிவரேல்லைத்தானே குளிசையக் குடுப்பம் எண்டு நீங்களாத் தொடங்காதேங்கோ.

*வேர்க்குருவோ ஒவ்வாமையோ?* கழுத்து, முதுகு, கமக்கட்டு எண்டு எல்லா இடமும் இருந்தா அனேகமா வேர்க்குரு. பட்ச்சின்ர சதுர வடிவத்திலயே சிவந்திருந்தா பட்ச்.

தோல் வெளிறுது

இதைத் தனியா எழுதுறன். எங்கட பக்கம் தோலில வெள்ளையாத் தெரிஞ்சா "தேமல்" எண்டு சொல்லிப் பூசு மருந்து வாங்கிக்கொண்டு போறதுதான் வழக்கம். மெத்தில்ஃபெனிடேட் பட்ச்சுக்கு 2015இல அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது, ஒட்டுற இடத்திலயும் சுத்தியும் தோலின்ர நிறம் போகலாம், சிலருக்கு ஒட்டாத இடத்திலயும் போகலாம், போனது அனேகமாத் திரும்பி வராது எண்டு. ஒட்டத் தொடங்கி 2 மாசத்தில இருந்து 4 வருசம் மட்டும் எப்பவும் வரலாமாம். நோ இருக்காது, கடி இருக்காது, அதுதான் ஆபத்து, எங்கட நிறத்தில வெள்ளைக்காரப் பிள்ளையளை விட வெளிச்சமாத் தெரியும், அது ஒருவகையில நல்லது, நேரத்தோட பிடிக்கலாம்.

பாக்கிற விதம்: கிழமைக்கு ஒருக்கா, பகல் வெளிச்சத்தில, ரெண்டு இடுப்புப் பக்கமும். தேமல் எண்டா அனேகமா நெஞ்சு, முதுகு, கழுத்தில சின்னச் சின்னப் புள்ளியா, லேசாச் செதில் கிளம்பும். இடுப்புப் பக்கம் செதில் இல்லாம வழுவழுப்பா வெளிறியிருந்தா தேமல் மருந்து பூசி நாள் கடத்தாதேங்கோ. அண்டைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கோ, அவர் மருந்தையே மாத்தத்தான் யோசிப்பார். குடும்பத்தில வெண்குட்டம் இருக்கிற ஆக்கள் இருந்தா அதையும் சேத்துச் சொல்லுங்கோ.

சாப்பிடுறான் இல்லை, நித்திரை கொள்ளுறான் இல்லை

பசி குறையிறது இந்த மருந்தின்ர வழமையான குணம், லீவுக்கு வந்து இறைச்சிக்கறி காய்ச்சி வைச்சுக்கொண்டு பாத்திருக்கிற அம்மம்மாவுக்குத்தான் இதைத் தாங்கேலாது. ஒட்டி மருந்து ஏறுற அந்த முதல் 2 மணித்தியாலத்துக்குள்ள காலமச் சாப்பாட்டைக் குடுங்கோ, முட்டை, பால், புட்டு, கொஞ்சம் தாராளமா. மத்தியானம் வற்புறுத்தாதேங்கோ, எருமைத் தயிரோ பழமோ கொஞ்சமாக் குடுத்தாக் காணும், பாலைப்பழக் காலம் எண்டா அது தானா இறங்கும். கழட்டி ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில பசி வரும், இரவுச் சாப்பாட்டை அதுக்கேத்த மாதிரிப் பிந்திக் குடுங்கோ. மாசத்துக்கு ஒருக்கா நிறையும் உயரமும் எழுதி வையுங்கோ. காற்சட்டை இடுப்பில நழுவுது எண்டு கண்டா டொக்டருக்குச் சொல்லுங்கோ.

நித்திரைக்கு முதல் பாக்கிறது கழட்டின நேரம். பின்னேரம் ஊர் விட்டு ஊர் போய் கலியாணவீடு, கோயில் திருவிழா எண்டு கழட்ட மறந்தா ரா பன்ரெண்டு மணிக்கும் பிள்ளை முழிச்சுக்கொண்டு இருக்கும். மடு ஆவணித் திருவிழா மாதிரிப் பகல் முழுக்க வெளியில நிக்கிற நாளுக்கு ஃபோனில அலாரம் வையுங்கோ, கழட்டினதைப் போட ஒரு மூடித் தகரமும் கொண்டு போங்கோ. காலம ஒட்ட மறந்து பிந்தி ஒட்டினா, வழமையாக் கழட்டுற அதே நேரத்துக்குத்தான் கழட்டோணும், 9 மணித்தியாலக் கணக்கை இரவுக்குத் தள்ளக்கூடாது. நேரம் சரியா இருந்தும் நித்திரை இல்லை எண்டா 9 மணித்தியாலத்துக்கு முதலே கழட்டலாமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ, அது அவையள் வழமையாச் செய்யிற ஒரு திருத்தம்தான். பின்னேரத் தேத்தண்ணியையும் நிப்பாட்டிப் பாருங்கோ, எங்கட சாயம் சும்மா சாயம் இல்லை.

கழட்டேக்க தோல் பிய்யிற மாதிரி இழுக்குது, பசை மிஞ்சுது

ஓரத்தில வாசலின், இல்லாட்டிச் சமையல் எண்ணெய் ஏதாவது கொஞ்சம் தடவி ஊறவிட்டு மெதுவா உரியுங்கோ, மிஞ்சின பசைக்கும் அதுதான். நகப்பூச்சுக் கழுவுற மருந்து, பெற்றோல், மண்ணெண்ணெய் வேண்டாம். பிறகு சோப்பால கழுவுங்கோ, இல்லாட்டி நாளைக்கு இஞ்ச ஒட்டாது.

பட்ச்சைக் காணேல்லை

விழுந்தது தெரிஞ்சா ஒரு பிரச்சினை, விழுந்தது எங்க எண்டு தெரியாட்டி அது வேற பிரச்சினை. பாவிச்ச பட்ச்சிலயும் மருந்து மிச்சம் இருக்கு. பாயில சேந்து படுக்கிற வீடு எங்கட வீடுகள், ஒருத்தனில இருந்து கழண்டது பக்கத்தில படுத்த சின்னத்தங்கச்சியின்ர கையில ஒட்டியிருக்கும், தவழ்ற பிள்ளை எடுத்து வாயில வைக்கும்.

முதல் பிள்ளையின்ர உடுப்புக்குள்ள, பிறகு பாய், தலையணி, போர்வை, பிறகு வீட்டில இருக்கிற எல்லாச் சின்னனுகளின்ர உடம்பும் முதுகு உட்பட. இன்னொரு பிள்ளையில ஒட்டியிருந்தா உரிச்சுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, வாயில வைச்சது எண்டா ஒண்டும் யோசிக்காம உடன. சத்தி எடுக்க வைக்க உப்புத்தண்ணி குடுக்கிறது, விரல் விடுறது வேண்டாம்.

கழட்டினதைப் பசைப்பக்கம் உள்ளுக்க வர ரெண்டா மடிச்சு அமத்துங்கோ. டொய்லெட்டில போட்டுத் தண்ணி அடிக்கச் சொல்லி அமெரிக்காத் தாளில இருக்கும், வாளியால ஊத்துற எங்கட டொய்லெட்டில அது மிதந்து நிக்கிறதையும் கண்டிருக்கிறன். மூடி இறுக்கிற ஒரு தகரத்தில போட்டு, புதுப் பெட்டியோட சேத்து அலுமாரியில பூட்டி வையுங்கோ. வளவுக்குப்பையில போட்டா நாயும் கோழியும் கிளறும், பிள்ளையள் பொறுக்கும். புதுசையும் எண்ணி வையுங்கோ, இது சர்வதேசச் சட்டத்தில கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கிற மருந்து, பெரிய பெடியளுக்குக் காசுக்கு வித்துப்போடவும் ஏலும்.

பட்ச் முடியப்போகுது, போக இன்னும் ரெண்டு கிழமை இருக்கு

இஞ்சத்தப் பார்மசியளில நான் இந்தப் பட்ச்சைக் கண்டதில்லை, தேடி அலையவேண்டாம். ஆரிட்டயாவது இருக்கிற குளிசையை வாங்கி 10 மில்லிகிராம் பட்ச்சுக்கு 10 மில்லிகிராம் குளிசை எண்டு கணக்குப் போடாதேங்கோ, அந்தக் கணக்கு அப்பிடி வராது. மிச்சத்தை அரைவாசியா வெட்டி நீட்டவும் ஏலாது. முடியிறதுக்கு ஒரு கிழமை முதலே எழுதித் தந்த டொக்டருக்குச் சொல்லுங்கோ, ரெண்டு கிழமை விடலாமோ எண்டதை அவர்தான் சொல்லவேணும். விடச்சொன்னா அந்த நாட்களில பிள்ளை சோர்ந்து போய்த் தனிய இருக்குதோ, கவலையாக் கதைக்குதோ எண்டு கவனியுங்கோ, அப்பிடி எண்டா மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. போகேக்க கையில மருந்தின்ர முழுப்பேர், மில்லிகிராம், எப்ப தொடங்கினது, கடைசியா எப்ப ஒட்டினது, பிள்ளையின்ர நிறை, இவ்வளவும் உள்ள டொக்டரின்ர கடிதம் இருக்கட்டும். எயாப்போட்டில காட்டினதும் அதே கடிதம்தானே, அதைச் சூட்கேஸுக்க போடாமக் கைப்பையிலயே வைச்சிருங்கோ.